ஹீட்டர் ஓரத்து மேசை

லிக்செலே,
23 பிப்ரவரி 1987

என் அன்பு விவேகா,

கிறிஸ்துமஸ் வாழ்த்து போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என் கையெழுத்தா என்று பயந்துவிடாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ரூனேக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுதாம். இங்கே முடியாது என்று ஸ்டாக்ஹோமுக்கு அனுப்புகிறார்கள். மார்ச் எட்டாம் தேதி வந்து சேருகிறோம். மூன்று வாரமாவது இருக்க வேண்டியிருக்கும்.

அவருக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு போட்டுவிடுவார்கள். என் பாடுதான் திண்டாட்டம். நோயாளிகளின் உறவினர் தங்கும் விடுதியில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள், முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. வெந்நீர் வைக்கலாம், சமைக்க முடியாது. அறுபது வயதாகிறது, தனியாக ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நான் நுழைந்ததே இல்லை. சிரிக்காதே. எங்கே உட்காருவது, ஒற்றை ஆளாக வந்தவளை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களா என்றெல்லாம் இப்போதே கவலையாக இருக்கிறது.

நீ நாற்பது வருடமாக அந்த ஊரில் இருக்கிறவள். எங்கே சாப்பிடலாம் என்று எழுது. உன்னையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் உட்காரும் உன் சாப்பாட்டு மேசையைப் பற்றி எத்தனை வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்!

உன்
டாக்னி


ஸ்டாக்ஹோம்,
27 பிப்ரவரி 1987

அன்புள்ள டாக்னி,

ரூனேயைப் பற்றிப் படித்ததும் பயந்துதான் போனேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள், தைரியமாக வா.

சாப்பாட்டைப் பற்றி என்னைக் கேட்டாயே, சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். முதல் விஷயம், ராத்திரிச் சாப்பாட்டை நம்பாதே. மத்தியானத்தில் எல்லாக் கடையிலும் அன்றைய சாப்பாடு என்று ஒன்று உண்டு. ரொட்டி, வெண்ணெய், காபி எல்லாம் அதிலேயே சேர்ந்துவிடும். பதினொன்றரைக்கே போய்விடு. பன்னிரண்டுக்கு ஆபீஸ்காரர்கள் கும்பலாக வந்து நாலு பேர் மேசைகளைப் பிடித்துக்கொள்வார்கள்.

விடுதியிலிருந்து இறங்கினால் சர்ச்சுக்கு எதிரே ஒரு கடை. அங்கே கொத்திறைச்சி வைத்துச் சுட்ட முட்டைக்கோஸ் புட்டிங் நன்றாக இருக்கும். ஜன்னல் பக்கம் உட்காராதே, தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். தூணுக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை இருக்கிறது. படகுத்துறையில் பொரித்த ஹெர்ரிங் மீன் விற்கும் வண்டி நிற்கும். அங்கே எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுவதால், யார் யாரோடு வந்தார்கள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்து உணவகத்துக்குப் போ. எல்லோரும் பெட்டியும் கையுமாகத் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் பான்கேக்கும் சாப்பிடச் சந்தைக்குப் பின்னால் உள்ள "அல்மா" கடை. ஹீட்டர் ஓரமாக, கோட்டு மாட்டும் இடத்தைப் பார்த்தபடி ஒரு மேசை. ஒரு பத்திரிகையைக் கொண்டு போனால் ஒரு மணி நேரம்கூட உட்காரலாம். இரண்டாவது காபி ஊற்றுவார்கள், எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு உன்னைக் கூப்பிட எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பார், கட்டிடம் முழுக்கத் தண்ணீர்க் குழாய் மாற்றுகிறார்கள். சமையலறை கிடக்கிற கிடையில் ஈ, எறும்புகூட நுழைய முடியாது. பதில் எழுதினால் வழக்கம்போல அஞ்சல் பெட்டி எண்ணுக்கே எழுது.

அன்புடன்,
விவேகா


ஸ்டாக்ஹோம், விடுதி,
11 மார்ச் 1987

அன்பு விவேகா,

வந்து மூன்று நாளாகிறது. ரூனேயை ஊசியால் குத்திக் குத்திப் பரிசோதனை செய்கிறார்கள். அவர் நர்சுகளோடு பனிச்சறுக்குப் போட்டியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

தூணுக்குப் பின்னால் இருக்கிற மேசை கிடைத்தது. முட்டைக்கோஸ் புட்டிங் நீ சொன்ன மாதிரியே இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. அது சமைத்தவரின் குற்றமில்லை. எதிரே யாராவது உட்கார்ந்திருந்தால் இறங்கியிருக்கும்.

நேற்று ஒரு பழைய நினைவு வந்தது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? சின்ன வயதில் உங்கள் வீட்டு மாடியில் விளையாடிக்கொண்டிருப்போம், ஐந்து மணி அடித்ததும் உன் அம்மா கீழேயிருந்து கூப்பிடுவாள். நீ சாப்பிடப் போவாய். நான் உன் கட்டிலில் உட்கார்ந்து படக்கதைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இறைச்சி உருண்டை வறுக்கிற வாசனை மாடிக்கு ஏறி வரும். நம் ஊர் வழக்கமே அதுதான், விளையாட வந்த பிள்ளைக்குச் சாப்பாடு போட்டால் அவள் அம்மாவை அவமதித்ததாகும். என் அம்மா சலவைச்சாலையில் எட்டு மணிவரை நின்றாள் என்று உன் அம்மாவுக்கு எங்கே தெரியும். நீ திரும்பி வரும்போது காகிதக் கைத்துண்டைக் கப்பலாக மடித்து எனக்குக் கொடுப்பாய். கோபமாக எழுதவில்லை, விவேகா. ஆனால் இந்த ஊரில் மூன்று நாளாக அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

குழாய் வேலை முடிந்ததா? எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

உன்
டாக்னி


ஸ்டாக்ஹோம்,
13 மார்ச் 1987

டாக்னி,

ஐம்பது வருடத்துக்கு முந்தைய வழக்கத்துக்கு இப்போது நான் என்ன செய்ய முடியும்? எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. என் அம்மா கெட்டவள் இல்லை.

குழாய் வேலை இன்னும் முடியவில்லை. எப்போது முடியும் என்று தெரியாது. விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி இருக்கிறது. பட்டை போட்ட பன் காலையில் சூடாகக் கிடைக்கும். ரூனேக்கு என் விசாரிப்புகள்.

விவேகா


ஸ்டாக்ஹோம், விடுதி,
19 மார்ச் 1987, வியாழன்

என் விவேகா,

செவ்வாய்க்கிழமை ரூனேக்கு அறுவை சிகிச்சை என்று முடிவு செய்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனால் நாலு மணி வாக்கில்தான் சேதி சொல்வார்களாம். இரவு ஏழு மணிக்கு முன்னால் என்னைப் பார்க்க விட மாட்டார்கள். அன்றைக்கு முழுவதும் எப்படித் தனியாக இருப்பேன் என்று தெரியவில்லை.

அந்தக் கவலையோடுதான் இன்று "அல்மா"வுக்குப் போனேன். ஹீட்டர் ஓரத்து மேசையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிற அம்மாள் வந்து, "அது ஒருத்தங்க வழக்கமா உக்கார்ற இடம்மா. பரவால்ல, இன்னிக்கு அவங்க வரக் காணோம்" என்றாள். யார் என்று கேட்டேன். "பேரெல்லாம் தெரியாது. பதினோரு வருஷமா வியாழக்கிழமை தவறாம வருவாங்க. தனியாத்தான் வருவாங்க. சாப்டுட்டு காகிதத்துல கப்பல் செஞ்சு வச்சுட்டுப் போவாங்க, அதைக் குப்பைல போட எனக்கு மனசே வராது" என்றாள். ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். ஏழெட்டுக் கப்பல்கள் வரிசையாக நின்றன.

சூப் ஆறிப்போயிற்று. நீ அனுப்பிய பட்டியலைப் பையிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். தூணுக்குப் பின்னால், நின்றுகொண்டே, கோட்டுகளைப் பார்த்தபடி. இதெல்லாம் பன்னிரண்டு பேர் மேசை வைத்திருக்கிறவளுக்குத் தெரிகிற இடங்கள் இல்லையே, விவேகா. நான்தான் மடச்சி, எனக்காகத் தேடி எழுதியிருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். உன்னைக் குத்திக்காட்டியும் எழுதிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

நீ எங்கே, எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. சொல்லத் தோன்றினால் சொல். எனக்கு மேசை வேண்டாம், நீ வேண்டும்.

டாக்னி


ஹேகர்ஸ்டென், ஸ்டாக்ஹோம்,
21 மார்ச் 1987

டாக்னி,

வியாழக்கிழமை நான் "அல்மா"வுக்கு எதிர்த் தெருவில்தான் நின்றிருந்தேன். நீ ஹீட்டர் பக்கம் திரும்பி உட்கார்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உன் முடி முழுக்க வெளுத்துவிட்டது. உள்ளே வர எனக்குத் தைரியம் வரவில்லை.

குழாய் வேலை என்று எதுவும் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் என் கணவர் வேறொருத்தியோடு போனார், வீட்டை விற்றோம், மேசையும் போயிற்று. எனக்கு இங்கே ஒரே ஓர் அறை. நல்ல அறைதான். ஆனால் கிறிஸ்துமஸ்தோறும் அந்த மேசையைப் பற்றி உனக்கு எழுதி எழுதிப் பழகிவிட்டது, எந்த வருடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. வீட்டில் ஒற்றைத் தட்டைப் போட்டுச் சாப்பிடப் பிடிக்காமல்தான் ஊரில் உள்ள கடையெல்லாம் எனக்கு அத்துப்படியானது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஓர் இறைச்சி உருண்டையை அந்தக் கப்பலுக்குள் மறைத்து உனக்காக எடுத்து வந்தேன். பாதிப் படியில் அம்மா பார்த்துவிட்டாள். அதை நானே வாயில் போட்டுக்கொண்டு, வெறும் கப்பலை உன்னிடம் கொடுத்தேன். நீ சந்தோஷமாக வாங்கிக்கொண்டாய்.

சாப்பிடும் இடங்களின் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று, எழுதிக்கொள். சுரங்க ரயிலின் சிவப்புப் பாதை, ஹேகர்ஸ்டெனில் இறங்கு, பாலத்தைத் தாண்டி மஞ்சள் கட்டிடம், மூன்றாவது மாடி, இடப்பக்கக் கதவு. உள்ளே ஒரு சீட்டில் என் தொலைபேசி எண்ணை எழுதி வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடு. செவ்வாய்க்கிழமை காலையில் ரூனேயை உள்ளே கொண்டுபோகும்போது நானும் உன்னோடு நிற்பேன். பிறகு இருவருமாக இங்கே வந்துவிடலாம். சேதி எப்படி வந்தாலும் நீ தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஐந்து மணிக்குச் சாப்பாடு, ஏழு மணிக்கு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

இறைச்சி உருண்டை செய்யப்போகிறேன். வீட்டில் நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. அதில் நீ உட்கார்ந்து முதலில் சாப்பிடு. நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்
விவேகா