ஐம்பது மைலுக்குள் ஒரு முகவரி

குவார்ட்ஸைட், அரிசோனா
ஜனவரி 8

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

என் நம்பரை நீ போனில் தடுத்து வைத்து ஏழு மாதம் ஆகிறது. அதனால்தான் காகிதமும் பேனாவும். நானும் என் வீட்டுக்காரர் டாயிலும் நலம். கேரவனைப் பாலைவனத்தில் நிறுத்தியிருக்கிறோம். பகலெல்லாம் நல்ல வெயில், சூரியத் தகட்டில் மின்சாரத்துக்குக் குறைவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை இருந்த இடத்திலிருந்தே வேலை பார்த்த எங்களில், ஒமாஹா அலுவலகத்திலிருந்து ஐம்பது மைலுக்குள் வசிப்பவர்கள் மார்ச் ஒன்று முதல் வாரம் மூன்று நாள் நேரில் வரவேண்டுமாம். வாசலில் அட்டையைத் தட்டுவதைக் கணக்கெடுப்பார்களாம். அதற்கு வெளியே இருப்பவர்களுக்கு விலக்கு. நான் ஆயிரத்து நானூறு மைலுக்கு அப்பால் இருக்கிறேன். ஆனால் அவர்கள் ஏட்டில் என் முகவரி உன் வீடு. அங்கிருந்து அலுவலகம் ஆறே மைல்.

மூன்று வருடத்துக்கு முன் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, ஏதாவது ஒரு முகவரி வேண்டுமே என்று உன்னுடையதைக் கொடுத்தேன். நீயும் சரி என்றாய். இப்போது அதுவே என் கழுத்தில் கயிறாகிவிட்டது. வேலை போனால் காப்பீடு போகும். டாயிலின் இன்சுலின் அந்தக் காப்பீட்டில்தான் வருகிறது. மார்லா இங்கே வசிக்கவில்லை என்று நீ எழுதிக் கொடுத்தால் போதும்.

உன் தங்கை
மார்லா


ஒமாஹா
ஜனவரி 17

மார்லாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் இடுப்பு எப்படி இருக்கிறது என்று நீ கேட்க மறந்துவிட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். எலும்பு கூடிவிட்டது. படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது.

போன பிப்ரவரியில் வாசல் பனியில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். "வேலை இருக்குக்கா, அவ்ளோ தூரம் எப்படி வர்றது?" என்றாய். சூரியன் மறைவதைப் படமெடுத்து அனுப்பினாய், ஒன்றல்ல, பதினோரு படம். கழிவறைக்குப் போக என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனது பக்கத்து வீட்டு திருமதி குபிக். அவளுக்கு எழுபத்தெட்டு வயது.

தபால் பெட்டியில் என் பெயருக்குக் கீழே உன் பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறது. குபிக் அதைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்: "என்ன வெர்னா, உன் தங்கச்சி குடித்தனம் பண்றது வீட்டுலயா, இந்தப் பெட்டிக்குள்ளயா?" உனக்கு வந்த நீதிமன்ற ஜூரி அழைப்பு, கார் விளம்பரம், பல் மருத்துவரின் நினைவூட்டல் எல்லாவற்றையும் மூன்று வருடமாக உறையில் போட்டு அனுப்புகிறேன். ஒரு தபால்காரிக்குக்கூட யாராவது நன்றி சொல்வார்கள்.

கேட்டதற்குப் பதில்: கீழ்த்தள அறை காலியாக இருக்கிறது. இரண்டு பேரும் வந்து தங்குங்கள். மூன்று நாள் ஆபீஸ் போ. நான் கெஞ்சவில்லை, வழி சொல்கிறேன்.

வெர்னா


குவார்ட்ஸைட்
ஜனவரி 27

அக்கா,

கீழ்த்தள அறையா! உன் வீட்டில் நான் விளக்கை அணைத்தேனா என்று பார்க்க நீ பின்னாலேயே வருவாய். எந்தத் துண்டு முகத்துக்கு, எந்தத் துண்டு கைக்கு என்று டாயிலுக்குப் பாடம் எடுப்பாய். போன முறை நான்கு நாள் தங்கியதற்கே அவர், "உங்க அக்கா வீட்டுல தும்மணும்னாகூட அனுமதி வாங்கணும்டீ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் ஐந்தாம் நாள் காலையிலேயே வண்டியைக் கிளப்பிவிட்டார். அதுவுமில்லாமல், ஒமாஹா குளிரில் இந்த வண்டியை நிறுத்தினால் தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்து வெடிக்கும். எங்களுக்கு வீடு இதுதான். உனக்கு அது ஒருநாளும் புரியப்போவதில்லை.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வங்கியில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு விஷயத்தைக் கவனி. சொந்தக்காரர்கள் கொடுக்கும் சான்று செல்லாது, தங்களுக்குள் எழுதிக் கொடுத்துக்கொள்கிறார்களாம். அதனால் 'ஊழியருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுது. நீ லின்ட்குவிஸ்ட், நான் ஸ்ட்ரௌட். பெயரை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பிப்ரவரி 28 கடைசி நாள்.

மார்லா


ஒமாஹா
பிப்ரவரி 5

மார்லா,

படிவத்தைச் சமையலறை மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். நீ இங்கே வசிக்கவில்லை என்பது உண்மை, அதை எழுத எனக்குத் தயக்கமில்லை. அந்தக் கட்டத்தில் நீ சொன்னதை எழுதமாட்டேன். அறுபது வயதில் நோட்டரி முன்னால் கை தூக்கிச் சத்தியம் செய்து பொய் சொல்ல என்னால் முடியாது.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். வா. விமானத்தில் வா, ஒரே ஒரு நாள். 16ஆம் தேதி ஞாயிறு. இந்த மேசையில் என் எதிரில் உட்கார்ந்து, அக்கா, தப்புதான், வந்திருக்கணும் என்று சொல். நானே உன்னுடன் உன் ஆபீசுக்கு வந்து உன் மேலதிகாரியிடம் இவள் என் தங்கை, இவள் இங்கே இல்லை என்று வாயால் சொல்கிறேன். எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டுகிறேன்.

போனில் உன் நம்பரைத் திறந்துவிட்டேன். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்.

வெர்னா


குவார்ட்ஸைட்
பிப்ரவரி 11

அக்கா,

ஆக, இது பழிவாங்கல். நான் வந்து உன் காலில் விழவேண்டும், நீ மனமிரங்கி மன்னிக்கவேண்டும், அதைக் குபிக் சன்னலில் நின்று பார்க்கவேண்டும். என் மேலதிகாரியிடம் வந்து பேசும் உன் நாடகமும் எனக்கு வேண்டாம். அங்கே காகிதம்தான் பேசும், உன் வாய் பேசாது.

வரமாட்டேன். நீ விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை. பனியை உருக்க உப்புத் தூவாமல் வாசலில் இறங்கியது நீ. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுத உனக்கு என்ன கேடு? டாயிலுக்கு ஏதாவது ஆனால் உன் உண்மையை எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்.

உறவு, உறவு என்கிறாய். அது வெறும் படிவம் அக்கா. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மார்லா


ஒமாஹா
பிப்ரவரி 21

திருமதி மார்லா ஸ்ட்ரௌட் அவர்களுக்கு,

கேட்ட படிவம் இத்துடன் இருக்கிறது. முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

உன் கடைசிக் கடிதம் 14ஆம் தேதியே வந்துவிட்டது. வரமாட்டேன் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். ஆனாலும் ஞாயிறன்று பெரிய பாத்திரத்தில் இறைச்சியும் பீன்ஸும் போட்டுச் சில்லி சமைத்தேன், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் சுட்டேன். உனக்கு அதுதான் பிடிக்கும். கோபத்தில் எழுதியிருப்பாள், போனாவது செய்வாள் என்று அதை மேசையிலேயே வைத்திருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஓடி எடுத்தேன், இடுப்பு வலியோடு. கூரை பழுதுபார்க்கும் கம்பெனியின் விளம்பர அழைப்பு. பாத்திரத்தைத் தூக்கிக் குபிக் வீட்டில் கொடுத்தேன். அவள் அதை வாங்கி வைத்துவிட்டு எனக்கும் ஒரு தட்டு எடுத்தாள்.

நேற்று வங்கிக்குப் போனேன். நோட்டரி ஒரு சின்னப் பெண், நகத்தில் பச்சைச் சாயம். படிவத்தைப் படித்துவிட்டு, "இந்தக் கட்டம் காலியா இருக்கே மேடம். இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

நீ எனக்கு என்ன வேண்டும் என்று கதவைத் தட்டி உன்னையே கேட்க உனக்கு ஒரு வீடுகூட இல்லை, நான் யாரிடம் போய்க் கேட்பது? அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தேன். பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். 'இல்லை' என்று எழுதினேன்.

தபால் நிலையத்தில் சொல்லிவிட்டேன். உன் பெயருக்கு வருவது இனி இங்கே இறங்காது. தெற்கு டகோட்டாவில் உங்களைப் போன்றவர்களுக்குத் தபால் வாங்கிக் கொடுக்கும் இடம் இருக்கிறதாமே, அங்கே பதிந்துகொள். பெட்டியில் இருந்த உன் பெயரைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்துவிட்டேன். டாயில் நன்றாக இருக்கட்டும், அதை மனதாரச் சொல்கிறேன்.

பொய்ச் சத்தியம் செய்யவைத்துவிட்டோமே என்று நீ வருந்தவேண்டாம். நீ கேட்ட அன்று அது பொய்யாகத்தான் இருந்தது. நேற்று நான் கையெழுத்துப் போடும்போது பொய்யாக இல்லை.

இப்படிக்கு
வெர்னா லின்ட்குவிஸ்ட்
வீட்டு உரிமையாளர்