லொறிப் பட்டை போட்ட ஜீப்

செவ்வாய், இரவு

எவரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து எழுதுகிறேன். வெள்ளவத்தை வெள்ளத்தைத் தாண்டவென்று ஜீப்பை உயர்த்த, ஸ்பிரிங்கின் இரும்புப் பட்டைகளுக்கிடையில் லொறி ஸ்பிரிங்கின் தடித்த பட்டையொன்றைச் செருகியிருந்தேன். அந்தத் தடியன் வளையவேயில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் நுனியில் வைத்தே ஜீப்பின் மெல்லிய பட்டை மடிந்து மடிந்து, இன்று கொட்டாஞ்சேனைச் சோதனைச் சாவடியில் வெடித்து முறிந்தது.

சத்தத்தில் துறைமுகக் கப்பல்களெல்லாம் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு இந்தியாவுக்கு ஓடின. பட்டாளமே குப்புறப் படுத்தது. ஒரு துவக்கு என் நெற்றிக்கு நேரே வந்தது.

"ஸ்பிரிங் மாத்தயா, ஸ்பிரிங்," என்று சிங்களத்தில் ஐயா போட்டுச் சொன்னேன்.

துவக்கை நீட்டிய சிப்பாய் குனிந்து ஜீப்புக்கு அடியில் பார்த்த பிறகே துவக்கு இறங்கியது.

"இஞ்சாருங்கோ, ஒரு இரும்புத் துண்டால என்னை விதவையாக்கப் பாத்தீங்கள்," என்றாள் பக்கத்திலிருந்த மனைவி. "இனி நான் பஸ்ஸிலதான் போவன்."

வீட்டுக்கும் பஸ்ஸில்தான் வந்தோம். சனியன் பிடித்த ஜீப் சாவடியிலேயே நிற்கிறது.

கப்பல்கள் ஓடவில்லை. பட்டாளமும் படுக்கவில்லை. துவக்கு மட்டும் உண்மை.