எட்டுப் போத்தல் கடல்

மடுல்கெல்ல,
16.01.2008

மகள் தமயந்திக்கு, அப்பா கறுப்பையா சொல்லச் சொல்லக் கடைக்கார ஷிராஸ் தம்பி எழுதுவது.

பொங்கல் வைத்தோம். பால் நன்றாகப் பொங்கியது. நோர்வேயில் நாலு வருசமாக நீ கடல் பாசி படிப்பதை நினைத்து உன் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "தண்ணிப் பீலியடிப் பாசி வழுக்கித்தான் என் இடுப்பு போச்சு. அதுக்கு ஒரு படிப்பா?" என்கிறாள்.

நான் கடல் பார்த்ததில்லை. காலையில் பனி பள்ளத்தை மூடும்போது, கடல் இப்படித்தான் இருக்கும் என்று தோட்டத்து லயத்து வாசலில் நிற்பேன். பாசி புகையைத் தின்னும் என்றாயே, எப்படித் தின்னும்? விவரமாக எழுது. ஒரு தரம் வாசிக்கக் கேட்டால் போதும். எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்த கடைகளை இன்றும் வரிசை மாறாமல் சொல்கிறவன் நான்.

எப்போது வருகிறாய்?

அப்பா

பேர்கன்,
10.02.2008

என் அப்பாவுக்கு,

உலகம் எரிப்பதிலிருந்து வரும் கரிக்காற்றில் ஒரு பங்கு கடலில் கரைகிறது. கரையக் கரைய அமிலம் கூடி, கடல் துளித்துளியாய்ப் புளிக்கிறது. கடலில் கரி பெரும்பாலும் உப்பாகவே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசி அதை உள்ளே இழுக்கப் பாடுபட வேண்டும். புளிப்பு ஏறினால் கரிக்காற்று தானாகவே உள்ளே கசியும். சில பாசிகள் இழுக்கிற வேலையைக் குறைத்துக்கொண்டு செழிக்கின்றன. சுண்ணாம்பு ஓடு கட்டும் பாசிக்குத்தான் கஷ்டம், ஓடு மெலிந்துவிடுகிறது. எட்டுப் போத்தலில் கடல்நீர் வைத்திருக்கிறேன், ஒன்றைவிட ஒன்று புளிப்பாக. வெயில் பட்டால் எட்டும் எட்டுப் பச்சை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துவிட்டது அப்பா! இனி உங்களோடுதான். பிளேன் தேதியை ஷிராஸ் அண்ணனின் போனில் சொல்கிறேன்.

உங்கள் தமயந்தி

மடுல்கெல்ல,
22.03.2008

மகளே,

இதைத் தபாலில் போடவில்லை. ஷிராஸ் தம்பியின் மச்சான் கட்டார் போகிறார், அங்கிருந்து போடுவார். போனில் சொன்னால் நீ அழுது என் மனசைக் கரைத்துவிடுவாய்.

கண் காட்டக் கண்டிக்குப் போனேன். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். சட்டைப்பையில் உன் கடிதம். தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொன்னார். அதிகாரி 'சீயா' என்று தாத்தா முறை வைத்துத்தான் கேட்டார்: "என்ன அசிட் சீயா? குண்டு செய்யவா? எட்டுப் போத்தல் எங்க?"

மகளின் பாசிப் படிப்பு என்றேன். நம்பட்டும் என்று உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தேன். அவர்கள் தாளை வைத்துச் சரிபார்த்தார்கள். ஒரு சொல் பிசகவில்லை. அதுதான் வினையாகப் போனது. "படிக்கத் தெரியாத ஆள் ஏன் மனப்பாடம் செஞ்சது? யார் செய்யச் சொன்னது?"

மூன்று நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. அறைச் சுவரில் பச்சை படர்ந்திருந்தது. பார்க்கப் பார்க்கச் சுவர் தண்ணீராகி, நான் கடலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். வாய் நிறையப் புளிப்பு. உன் பாசி முழங்காலை உரசிக்கொண்டு மெதுவாகப் போனது. பயமே இல்லை.

விடும்போது உன் பெயரை எழுதிக்கொண்டு, "மகள் எந்தத் தேதி, எந்தப் பிளேன்?" என்றார் அதிகாரி. நீ போனில் சொன்னது நாக்கு நுனியில் நின்றது.

"மறந்துபோச்சுங்க ஐயா."

"கடிதம் முழுக்கத் தெரியும், மகள் வர்ற நாள் தெரியாதா?"

"வயசாச்சுங்களே."

வராதே மகளே. பேராதனைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. நீயாகத்தான் வரவில்லை என்று உன்மேல் கோபமாக இருக்கிறாள், இருக்கட்டும். பதில் எழுதினால் வருகிற தேதி மட்டும் எழுதாதே. வாசிக்கக் கேட்டுவிட்டால் எனக்கு மறக்காது.

கறுப்பையா