ஒரு ஞாயிறு நீ, ஒரு ஞாயிறு நான்

கோட்டூர்புரம்
பிப்ரவரி 5, 2024

அன்புள்ள உமர்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதையெல்லாம் நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ சிரித்துவிடுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். போனிலும் அதே கதைதான். அதனால் எழுதுகிறேன். எழுதப்போவது இவை:

1. ஒத்திகைச் செய்தி
2. கிட்டார் எப்படி இருக்கிறது
3. நீ ஏன் வருவதில்லை என்பது பற்றி என் ஊகம்
4. நமக்குள் எல்லாம் சரிபாதி என்பது

முதலாவது. நேற்றும் ஈக்காட்டுத்தாங்கலில் ராகேஷின் லேத் பட்டறையில்தான் கூடினோம். மெஷின்களை நிறுத்தி, இரும்புத் தூளைப் பெருக்கிவிட்டு ராகேஷ் கீபோர்டை வைத்தான். சர்தார் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே, "இன்னா சார், உங்க ஜோடி இன்னிக்கும் வரலையா?" என்றான். நேற்று வாசிக்க உன் முறை. பொங்கலிலிருந்து உன் முறைகளையும் நானே வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீ உட்காரும் ஆயில் டின் காலியாகவே கிடக்கிறது. ராகேஷ் அதன்மேல் ஹெல்மெட்டை வைத்தான். நான் எடுத்துக் கீழே வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

இரண்டாவது. மார்கழி ஈரத்தில் கிட்டாரின் கழுத்து லேசாக வளைந்திருந்தது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று முறுக்கி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். நேராகிவிட்டது. எழுபதுகளின் ஜப்பான் மரம், நம்மைவிடத் தெம்பாக இருக்கிறது. தந்திகளை மாற்றவில்லை. எனக்குப் புதுத் தந்தியின் கணீரென்ற ஒலி பிடிக்கும். உனக்கு ஊறிப்போன பழைய தந்தியின் அந்த மந்தமான 'தும்'தான் பிடிக்கும். நீ எந்த ஞாயிறும் வந்துவிடலாம் என்று பழசையே விட்டுவைத்திருக்கிறேன்.

மூன்றாவது. கடைசியாக நீ வாசித்த அன்று டீ குடிக்கும்போது, இரண்டாவது சரணத்தில் நீ கொஞ்சம் தாமதமாக வந்தாய் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த நானே முந்தியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்த வருத்தம்தான் உனக்கு என்று ஊகிக்கிறேன்.

நான்காவது. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையை விட மனமில்லை. துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் நாம் இருவரும் சேர்ந்து இந்த பேஸ் கிட்டாரை வாங்கியபோது நமக்கு மீசை அரும்பி முடிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு குழுவுக்கு ஒரு பேஸ் போதும். நாமோ இரண்டு பேர். விலகச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அதனால் ஒரு ஞாயிறு நீ, ஒரு ஞாயிறு நான். வாசிப்பவனுக்குக் கிட்டார், மற்றவனுக்கு டின். குழுக்கள் மாறின, பாட்டுகள் மாறின, இது மாறவில்லை. டின்னில் உட்கார்ந்து கேட்பவனுக்கும் வாசிப்பவனுக்குள்ள நிறைவே இருந்தது. கிட்டார், ஞாயிறு, சந்தோஷம் எல்லாம் சரிபாதி. இப்படி எந்தக் குழுவிலும் இருந்திருக்காது. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வந்துவிடு.

வீட்டில் தேவானை உன்னை விசாரித்தாள்.

உன்
செம்பியன்

*

மைலாப்பூர்
12.2.24

டேய் செம்பி,

கோட்டூர்புரத்துலேர்ந்து மைலாப்பூருக்கு ஸ்டாம்ப் ஒட்டி லெட்டர் போட்ட ஆளு ஊர்லயே நீ ஒருத்தன்தான்டா. தபஸ்ஸும் கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அத்தா, கோர்ட்லேர்ந்து எதுனா வந்துகீதா?"ன்றா. உள்ள பாத்தா ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நம்பர் வேற. பரீட்சை பேப்பர் திருத்துன கை, அடங்க மாட்டேங்குது.

லேட்டா வந்தேன்னு சொன்னதுக்கு எவனாவது கோச்சிப்பானா மச்சி? லேட்டாதான் வந்தேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. முட்டி வலி. அந்த டின்னுல குந்தினா எழுந்திருக்க முடியல. சரியாவட்டும், பாக்கலாம். அதுவரிக்கும் நீ வாசிச்சிக்கினு இரு.

கிட்டாரை ஜன்னலாண்ட வைக்காத, வெயில் ஏறுது. தேவானைக்கு சலாம் சொல்லு.

உமரு

*

கோட்டூர்புரம்
பிப்ரவரி 20, 2024

அன்புள்ள உமர்,

உன் கடிதம் கிடைத்ததும் நிம்மதியாக இருந்தது. முட்டி வலிதான் என்றால் அதற்கு வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் கைப்பிடி வைத்த பிரம்பு நாற்காலி ஒன்று உண்டு. டில்லிபாபுவின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டறையில் உன் டின் இருந்த இடத்தில் போட்டேன். டில்லிபாபு, "இன்னா சார், பட்டறைல பரதநாட்டியமா?" என்றான். கைப்பிடியை ஊன்றி எழுந்தால் முட்டிக்குச் சிரமம் இருக்காது. நானே நான்கைந்து முறை உட்கார்ந்து எழுந்து பார்த்தேன்.

இனி எழுதுவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாற்காலியைப் பார்த்ததும் சர்தார் பேச்சை மாற்றினான். பிறகு அவனே சொல்லிவிட்டான். அடையாறில் ஒரு வீட்டு மாடிப்படியில் நீ கிட்டார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறியதைப் பார்த்தானாம். அது நீயாக இருக்காது, உனக்கு முட்டி வலி என்றேன். "சார், மாமா நடை எனக்குத் தெரியாதா? மூணு மாடி, நிக்காம ஏறிச்சு" என்றான்.

நம் கிட்டார் என் அறையில்தான் இருக்கிறது, ஜன்னலைவிட்டுத் தள்ளியே வைத்திருக்கிறேன். அப்படியானால் உன் முதுகில் இருந்தது எது?

தேவானையிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "நீங்க வாசிக்கப் போறீங்களா, உமர் அண்ணனைப் பாக்கப் போறீங்களா? மொதல்ல அதைத் தெரிஞ்சிக்கோங்க" என்றாள். 

உண்மை எதுவானாலும் எழுது. ஊகித்துக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் போகும்போது இருக்கும் ஆசை, திரும்பும்போது இருப்பதில்லை.

உன்
செம்பியன்

*

மைலாப்பூர்
27.2.24

மச்சி,

சர்தார் பாத்தது என்னத்தான். முட்டி வலின்னது பொய். நாற்காலி வரிக்கும் தூக்கிக்கினு போவன்னு எனக்கு இன்னா தெரியும்.

அடையார்ல ஃபராஸ்னு ஒருத்தன். பேங்க்ல வேலை. மொட்டமாடில ரூம் போட்டு அஞ்சாறு பேரா வாசிக்கிறானுங்க, எல்லாம் நாப்பது தாண்டுனதுங்க. பேஸுக்கு ஆளு இல்ல, வர்றீங்களா மாமான்னு பொங்கலப்ப கேட்டான். போனேன். அவங்க கிட்டாரு ஒரு பலகை. உசுரே இல்ல. ஆனா வாரா வாரம் நான்தான் வாசிக்கிறேன்.

ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சிக்காத. டின்னுல குந்தினா நீ கண்ண மூடிக்கினு கேப்ப. நான் குந்தினா, பாட்டு எப்போ முடியும்னு பாத்துக்கினு இருப்பேன். வெரலு தானா தொடையில ஓடிக்கினே இருக்கும். உனக்குத் தெரியக்கூடாதுன்னு கைய பாக்கெட்ல உட்டுக்குவேன். இத்தினி வருசமும் அப்டித்தான்டா. எனக்கு இன்னும் ஒரு பாட்டு குடுன்னு கேக்கலாம்னு பாப்பேன். உன் முறை முடிஞ்சதும் நீ கிட்டாரை ரெண்டு கையிலயும் ஏந்தி, பொறந்த கொழந்தைய குடுக்கறா மாரி என்னாண்ட குடுப்ப பாரு, அப்போ வாயே வராது.

போன வருசம் ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தேன் இல்ல, அப்போ நெனச்சேன். மிச்சம் இருக்கற ஞாயித்துக்கெழமயிலும் பாதிதான் என்துன்னு. அழுகையா வந்துச்சி. தபஸ்ஸும் வலின்னு நெனச்சி நர்ஸைக் கூப்டுச்சி.

உன்மேல கோவம் இல்ல செம்பி. ஆசை, அவ்ளோதான். கிட்டாரு உன்கிட்டயே இருக்கட்டும். நீயும் இனிமே வாரா வாரம் வாசி.

உமரு

*

கோட்டூர்புரம்
மார்ச் 11, 2024

அன்புள்ள உமர்,

நாளை நோன்பு தொடங்கும் என்கிறார்கள். உனக்கும் தபஸ்ஸுமுக்கும் வாழ்த்துகள். சர்க்கரை மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

நேற்று நான் ஈக்காட்டுத்தாங்கல் போகவில்லை. அடையாறுக்கு பஸ் ஏறினேன். சர்தாரிடம் வழி கேட்டு வைத்திருந்தேன். வீட்டுக்குக் கீழே நின்றபோது பாட்டு தொடங்கியிருந்தது. எந்தப் பாட்டு என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பாடியவர் குரலும் டிரம்மும் தெரு வரை தெளிவாக இறங்கி வரவில்லை. பேஸ் மட்டும் சுவர் வழியாக வந்தது. காம்பவுண்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன், "இன்னா பெர்சு, மயக்கமா? இப்டி குந்து" என்று தன் ஸ்டூலைக் கொடுத்தார். உட்கார்ந்து கேட்டேன்.

உன் வாசிப்பை இத்தனை காலம் கேட்டவன் என்று நினைத்திருந்தேன். கேட்டதே இல்லை. பட்டறையில் பாட்டு நின்றதும் உன் கை நின்றுவிடும், என் பக்கம் திரும்பிப் பார்ப்பாய். நேற்று பாட்டு முடிந்திருக்க வேண்டும், மேலே கைதட்டல் கேட்டது. நீ நிறுத்தவில்லை. தனியாகப் போய்க்கொண்டே இருந்தாய். எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோலத் தணிந்து, பிறகு மெல்ல மேலே ஏறி, யாருக்கும் இடம் விட வேண்டிய அவசியமே இல்லாதவன்போல. அந்த மட்டமான கிட்டாரிலேயே அப்படி.

மேலே வரலாம் என்று படியில் கால் வைத்தேன். வந்தால் நீ எழுந்து கிட்டாரை என்னிடம் நீட்டிவிடுவாய் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்துடன் டில்லிபாபு நம் கிட்டாரைக் கொண்டுவருகிறான். அது உனக்கு. முறை வைத்து அல்ல, முழுவதும். திருப்பி அனுப்பாதே. அனுப்பினாலும் வாங்கமாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். வாங்கிவிடுவேனோ என்று எனக்கே சந்தேகமாக இருப்பதால், தயவுசெய்து அனுப்பாதே.

பட்டறையில் பேஸை ராகேஷ் கீபோர்டில் இடது கையால் சமாளித்துக்கொள்வான். நான் இனி போவதாக இல்லை. தேவானை கேட்டதற்கு இப்போது பதில் தெரிந்துவிட்டது. வாசிப்பதில் எனக்கு அப்படி ஒன்றும் ஆசை இருந்ததில்லை, உமர். என் ஞாயிறு வந்தால்தானே அடுத்த ஞாயிறு உன்னுடையதாகும் என்று வாசித்தேன். வரும் ஞாயிறு பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கக் கூட வரச் சொல்கிறாள் தேவானை. போவேன். ஆனால் ஒத்திகை தொடங்கும் பத்து மணிக்குக் காது உன் பக்கம்தான் இருக்கும், அதை யாரிடமும் சொல்லாதே.

என்னைக் கூப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை. கூப்பிட்டால் கீழே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன், மேலே வரமாட்டேன்.

முதல் கடிதத்தில் நான்காவதாக எழுதியது தவறு. முறைதான் சரிபாதியாக இருந்தது. உனக்கு வாசிக்கப் போதவில்லை, எனக்கு நீ வாசித்துக் கேட்கப் போதவில்லை. இரண்டையும் நான்தான் பாதியாக்கி, அதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்புடன்
செம்பியன்