விளக்குமாறு படாத பக்கம்

3 பிப்ரவரி 2004, செவ்வாய்

மதுரையிலிருந்து சபிதா டீச்சர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை, பறவை பார்க்கிறவர்கள் ஒரு வேன் நிறைய வருகிறார்களாம். எங்கள் அய்யனார் காட்டைச் சுற்றிப் பார்த்து, மகளிர் குழு சமைப்பதைக் காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மாதம் ஒரு வேன் வந்தால் போதும். மரங்களை வெட்டி அங்கே மண்டபம் கட்டுகிற பேச்சையே எடுக்க விடமாட்டேன்.

கோயில் தலைவர் தங்கச்சாமி அண்ணாச்சிக்குச் சிரிப்பு. "காட்டப் பாக்க எவன் துட்டு குடுப்பான், வேணி? இது சரிப்படலன்னா கொத்தனார வரச்சொல்லிருவேன்."

"வருவாக, பாருங்க" என்றேன்.

5 பிப்ரவரி, வியாழன்

ஞாயிற்றுக்கிழமைச் சமையல் கம்மங்கூழும் மோர்மிளகாயும். குழுவில் சொர்ணத்தாய் புரோட்டா போடலாம் என்கிறாள். போடீ! மதுரைக்காரனுக்குப் புரோட்டாவா?

7 பிப்ரவரி, சனி

நான் விளாத்திகுளத்தில் சாமான் வாங்கிவிட்டு வருவதற்குள் ஊரே கூடிக் காட்டைக் கூட்டித் தள்ளிவிட்டது! கோயில் கொடைத் திருவிழாவுக்குச் செய்கிற மாதிரி. சருகைக் குவித்துத் தீ வைத்தாச்சு. கோவைக்கொடியைப் பிடுங்கியாச்சு. உசிலை மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பும் காவியும் பட்டை. மேலே அலறுகிற குழாய் ரேடியோ.

"விருந்தாளி வாரப்ப குப்பையாவா போட்டு வைப்பாக?" என்று பெருமையாய் நிற்கிறார் அண்ணாச்சி. மனசில் கள்ளமில்லை, அதுதான் ஆத்திரமாய் வருகிறது. அட மனுசா, அவிய அந்தக் குப்பையத்தானே பாக்க வாராக! ஒரு குருவி கிடையாது. நாளைக்கு என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்?

— சும்மா இரு, வேணி. சாமிக்குப் பயந்து பீடத்துக்குப் பின்பக்கம் எவனும் போகமாட்டான். அங்கே விளக்குமாறு பட்டிருக்காது.

8 பிப்ரவரி, ஞாயிறு

வந்தார்கள். பட்டையடித்த மரங்களைக் கண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடந்ததை அப்படியே சொன்னேன். டீச்சர் சிரித்துவிட்டார். ரேடியோவை நிறுத்தவைத்து, எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, சாமி பீடத்துக்கு இந்தப்பக்கம் உட்காரவைத்தேன். "அங்கிட்டு நாங்களே போகமாட்டோம். இங்கன இருந்து பாருங்க. பேசப்பிடாது."

அண்ணாச்சியையும் உட்காரவைத்தேன். அந்த வாய் மூடி நான் பார்த்தது இன்றுதான்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு செம்போத்து சாவகாசமாய் இறங்கியது. அடுத்து கௌதாரி, குஞ்சுகளோடு. அப்புறம் என்னென்னவோ, எனக்கே பேர் தெரியாது. வந்தவர்களில் ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி என் காதோரம், "ஏ வேணி, இதெல்லாம் நம்ம காட்டுலயா இருக்கு?" என்றார்.

கூழ் ஒரு சொட்டு மிச்சமில்லை. அடுத்த மாதமும் ஒரு கூட்டம் வருமாம்.

9 பிப்ரவரி, திங்கள்

கொத்தனார் வரவில்லை.

1 மார்ச், திங்கள்

காலையில் கொத்தனார் வந்துவிட்டார் என்றார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று.

காட்டில் யாருமில்லை. எதிரே, தன் பருத்திப் புஞ்சையில் நின்று அண்ணாச்சி கொத்தனாரோடு அளவுக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். காய் வெடித்து நிற்கிற செடிகளைப் பிடுங்கி ஓரமாய்ப் போட்டிருந்தார்.

"மண்டபம் இங்கனதான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "வாரவியளுக்கு உக்காந்து சாப்பிட எடம் வேணும்லா?"

கொத்தனாரிடமிருந்து கயிற்றின் மறுமுனையை வாங்கி நான் பிடித்துக்கொண்டேன்.