ராணியைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தேன், டீச்சர்

டீச்சர்,

இன்று காலை ஒத்திகைக்காக ஸ்டாஃப் ரூம் பீரோவைத் திறந்து நாடகத் திரையை எடுத்து உதறினேன். அறை முழுக்கக் கிராம்பு வாசனை. பாச்சை உருண்டை போட்டால் பிள்ளைகள் மேடையில் தும்மித் தொலைப்பார்கள் என்று கிராம்பைத் துணியில் முடிந்து மடிப்புக்கு நடுவே வைப்பீர்களே, அது இன்னும் அப்படியே இருக்கிறது. சயின்ஸ் டீச்சர் எட்டிப் பார்த்து, "யார் வீட்டு டப்பாங்க, பிரியாணி வாசனை தூக்குதே?" என்றார். அந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஆனால் அழுவதற்காக இதை எழுத உட்காரவில்லை. ஒரு சேதி இருக்கிறது. காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நாம் சேர்ந்து போட்ட முதல் நாடகம் ஞாபகம் இருக்கிறதா? நடிக்கிறவர்களை எடுத்து முடித்ததும், "மிச்சம் இருக்கிறவங்க எல்லாம் பின்னாடி வேலை" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். நீங்கள் கணக்கு நோட்டுக் கட்டோடு வராண்டாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "மிச்சமா? இது என்ன பழைய சோறா டீச்சர்? நாளைக்கு அந்த மிச்சம்தான் உங்க மானத்தைக் காப்பாத்தணும், பாத்துக்கிட்டே இருங்க."

நான் கேட்டால்தானே. மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்க, வகுப்பிலேயே அருமையாகப் படிக்கிற பெண்ணை உட்கார வைத்தேன். அவள் ஏற்ற இறக்கத்தோடு, கணீரென்று எடுத்துக் கொடுத்தாள். சபைக்கு ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை கிடைத்தது. மூன்றாவது காட்சியில் அவள் திரைக்குப் பின்னால் விம்மிய விம்மலுக்குக் கைதட்டலே விழுந்தது. மேடையில் கதாநாயகன் வாயைத் திறந்தபடி நின்றான். நீங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தீர்கள். மறுநாள் டீ குடிக்கும்போதுதான் சொன்னீர்கள். "நல்லா படிக்கிற பிள்ளையப் போய் அங்க வைப்பாங்களா? அந்த வேலைக்கு நல்லா கேக்கற பிள்ளை வேணும்."

அடுத்த வருஷத்திலிருந்து திரைக்குப் பின்னால் யார் யார் என்பது உங்கள் பொறுப்பானது. நடிகர்களை நான் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். உங்களுக்கு ஒரு வாரம் வேண்டும். கணக்கு நடத்துகிறீர்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரவல் கொடுத்த காம்பஸைச் சண்டை போடாமல் திருப்பி வாங்குகிறவனுக்கு மேடைச் சாமான்கள். கோயில் யானை மணியாட்டிக்கொண்டு பள்ளித் தெருவில் போகும்போது எல்லோரும் யானையைப் பார்ப்போம். நீங்கள் வகுப்பைப் பார்ப்பீர்கள். ஜன்னலுக்கு ஓடாத பிள்ளை எதுவோ, அதன் கையில் திரைக் கயிறு. "யானைக்கே திரும்பாதவன் நாடகத்தைப் பார்த்து வாயப் பொளந்துக்கிட்டு கயித்தை மறக்க மாட்டான்" என்பீர்கள். ஒரு வருஷம்கூடத் தப்பவில்லை.

மே மாதம் புத்தூர் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். பேசக்கூடாது என்று நர்ஸ் சொல்லியும் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள். "எடுத்துக் கொடுக்க ஒரு பிள்ளை இருக்கு டீச்சர். ஏழாம் வகுப்புல பார்த்து வச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல அப்படி ஒண்ணு அமைஞ்சதில்ல." யார் என்று கேட்டேன். கண்ணைச் சிமிட்டினீர்கள். "சொல்ல மாட்டேன். ஸ்கூல் திறக்கட்டும், நீங்களே கண்டுபிடிங்க."

பள்ளி திறப்பதற்குள் போய்விட்டீர்கள். போனதற்கு ஒரு கோபம். பெயரைச் சொல்லாமல் போனதற்கு அதைவிடப் பெரிய கோபம். இது உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியது, எழுதவேண்டியதாகிவிட்டது.

ஜூனிலிருந்து நான் துப்பறிகிறேன். அந்த வகுப்பு இப்போது எட்டாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பேர். யானைக்காகக் காத்திருந்தேன். அது வந்தபோது முப்பத்தெட்டும் ஜன்னலில். கடைசி பெஞ்சில் ஒருவன் அமைதியாக ஊன்றிக் கேட்கிறானே என்று நாலு நாள் கவனித்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். இதற்குள் நடிகர்களை முடிவு செய்தாகிவிட்டது. காவிரி வெள்ளத்தில் ஜனங்களுக்காகக் களஞ்சியத்தைத் திறந்துவிடும் உறையூர் ராணி கதை, நான் எழுதியது. ராணி வேஷம் நிவேதாவுக்கு. நல்ல குரல், பயமே கிடையாது.

போன வியாழக்கிழமை தமிழ் வகுப்பில் கார்த்திக் பாடத்தைப் படித்தான். வழக்கம்போல நடுவில் நின்றான். வகுப்பே புத்தகத்தைப் பார்த்து ஆளுக்கொரு வார்த்தை கத்தியது. நிவேதா மட்டும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு பாதி திறந்து, மூச்சைப் பிடித்தபடி. அவன் சொன்னதும் மூச்சை விட்டாள். அடுத்த வரியில் அவன் உண்மையாகவே திணறியபோது முதல் எழுத்தை மட்டும் அவன் பக்கமாகப் போட்டாள். வேறு யாரும் திரும்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அட, இவளா!

பிறகுதான் உறைத்தது. கொடுத்த ராணி வேஷத்தைப் பிடுங்கவேண்டுமே. சொன்னபோது அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் சரியா நடிக்கலையா மிஸ்?" மறுநாள் அவள் அம்மா பள்ளி கேட் பக்கத்தில் காத்திருந்தார். "தெரு பூரா சொல்லிட்டேங்க, எம் பொண்ணு ராணின்னு. இப்பப் போய் திரைக்குப் பின்னாடி உக்காருன்னா பிள்ளை மனசு என்னங்க ஆகும்?"

நீங்களாக இருந்தால் அவரைச் சிரிக்க வைத்தே அனுப்பியிருப்பீர்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? "ஒரே ஒரு ஒத்திகை உக்காரட்டும்ங்க. அவளுக்குப் பிடிக்கலைன்னா ராணி அவதான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஒத்திகைதான் இன்று. நிவேதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ராணி இடத்தில் தற்காலிகமாகக் கிருத்திகா. களஞ்சியக் காவலன் கார்த்திக். ராணி சாவியைக் கேட்கிறாள், இவன் வசனம் மறந்து சிலையாக நிற்கிறான். ஹெச்.எம். வேறு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் பதறிப்போய், எடுத்துக் கொடு என்று நிவேதாவுக்குச் சைகை செய்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையை மட்டும் என் பக்கம் காட்டினாள், பொறுங்க என்று. எனக்கே! அடுத்த கணம் கார்த்திக் தலையை நிமிர்த்தி முழு வசனத்தையும் சொன்னான். சாவியைக் கொடுக்க மனமில்லாமல் காவலன் தவிக்கிறான் என்று நினைத்து ஹெச்.எம். கைதட்டினார்.

நான் பின்னால் ஓடினேன். "ஏன்டி எடுத்துக் குடுக்கல?"

"அவன்கிட்டயே இருந்துச்சு மிஸ். வந்துக்கிட்டு இருந்துச்சு. நான் சொல்லியிருந்தா உள்ளயே போயிருக்கும்."

சரி, ராணி வேஷம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். வசனத்தாள்களை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ராணிக்கு கிருத்திகாவே போதும் மிஸ். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

நீங்கள் மனதில் வைத்திருந்தது இவளைத்தானா? இனி எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஒன்று. ஜூனிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில்கூட யார் எந்த வேலைக்கு ஆவார்கள் என்று பார்த்துக்கொண்டே வருகிறேன். இன்றைய கண்டக்டர் கையில் கண்ணை மூடிக்கொண்டு திரைக் கயிற்றைக் கொடுக்கலாம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பெயரைச் சொல்லியிருந்தால் சீட்டில் எழுதி, வேலையைக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் ஒருவரையும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டேன். பெயர் உங்கள் நாக்கு நுனியில் இருந்தது, நான் பார்த்தேன். சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆளை அறிகிற கண் என்னிடமும் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, டீச்சர்.