எல்லம்மாள் பாடாத பாட்டு

திருத்தணி,
12 ஆகஸ்ட் 1944

அன்புள்ள பிரபுதாஸ் அண்ணனுக்கு,

உன் தங்கை ஜெயகுமாரி ஆண்டவரை வேண்டிக்கொண்டு எழுதுவது. நடந்ததையெல்லாம் நடந்தபடியே எழுதப் போகிறேன். என் தப்பையும் மறைக்க மாட்டேன்.

பாட்டு வாத்தியார் ஞானப்பிரகாசம் சார் வயலின், ஆர்மோனியம், கிளாரினெட் சேர்த்து எங்கள் பள்ளியில் ஒரு வாத்தியக் குழு ஆரம்பித்திருக்கிறார். கழனிப் பாட்டுகளையும் ஒப்பாரியையும் மேடையேற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. கேட்டு எழுதி வருவது என் வேலை.

தெருக்கோடி எல்லம்மாக்கா ஆறு நடவுப் பாட்டு சொன்னார். ஒப்பாரி மட்டும் முடியாது என்றுவிட்டார். "சாவு இல்லாத எடத்துல பாடுனா சாவக் கூப்டுகினு வரும் பாப்பா. வேணும்னா உங்க சார செத்துக் காட்டச் சொல்லு, வந்து பாடுறேன்" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. என்கூடப் படிக்கும் பத்மா வீட்டுச் சாவில், அண்ணனை இழந்த தங்கை அழுவதாக அவர் பாடியதைத் தெருவில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டேன். சார் அதற்கு வயலின் அமைத்தார். தங்கையின் குரல் எனக்கு. பதினைந்து நாள் வீட்டிலும் பாடிப் பழகினேன். அம்மா வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பட்டாளத்திலிருந்து தந்தி வந்தது. சண்டையில் உன்னைக் காணவில்லையாம். காணாமல் போனவன் வந்துவிடுவான், யாரும் அழக் கூடாது என்கிறார் நைனா. அம்மா என்னைப் பார்த்து, "பாடிட்ட இல்ல" என்றார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

சேதி கேட்டு எல்லம்மாக்கா தலையை விரித்துக்கொண்டு நம் வாசலில் வந்து உட்கார்ந்தார். வாய் திறப்பதற்குள் ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதமாகப் பாடச் சொல்லிக் கெஞ்சியவள், பாடாதீங்க என்று கெஞ்சினேன். "ஆங், சரி பாப்பா, பாடல" என்று முடியை முடிந்துகொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

இன்று ஆண்டு விழா. நான் மறுத்ததால் சார் அந்தப் பாட்டைக் குழுவில் இருக்கும் லில்லிக்குக் கொடுத்தார். நன்றாகத்தான் பாடினாள் அண்ணா. ஜனங்கள் கைதட்டி இன்னொரு முறை கேட்டார்கள். எல்லாம் நான் எழுதிய வார்த்தைகள். என்னை அழைத்துப்போக வந்த நைனா, கடைசி பெஞ்சில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தந்தி வந்தபின் இன்றுதான் அழுகிறார்.

பள்ளி வராந்தா விளக்கடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன். எனக்குப் பதில் வேண்டாம். சுகம் என்று ஒரே ஒரு வார்த்தை, அம்மா பேருக்குப் போடு. நீ இருக்கும் இடத்தில் கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும்.

உன் தங்கை,
ஜெயகுமாரி

எல்லாரும் போய்விட்டார்கள். நைனா இன்னும் எழுந்திருக்கவில்லை. விழாக் கூடத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.